கப்சைசின் 0.075% கிரீம்: பாதம் எரிகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

கப்சைசின் கிரீம் வாங்கப் போகிறவர் டியூபில் முதலில் தேட வேண்டியது பெயரை அல்ல, எண்ணை. 0.025% என்றிருந்தால் அது முழங்கால் தேய்மானம் போன்ற மூட்டு வலிக்கானது. சீனி வருத்தத்தால் (நீரிழிவால்) வரும் பாத எரிச்சலுக்கும், அக்கி ஆறிய பிறகும் அதே இடத்தில் விடாமல் நிற்கும் வலிக்கும் 0.075% வேண்டும். "கால் எரியுது, ஏதாவது பூச்சு தாங்க" என்று மட்டும் கேட்டால், டவுன் பாமசியில் டைக்ளோபெனாக், மென்தோல், மெதில் சாலிசிலேட் கலந்த ஜெல்லை எடுத்துத் தந்துவிடலாம். அந்த மாதிரி ஜெல்கள் சிலவற்றில் கப்சைசினும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். ஆனாலும் அவை சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் ஆனவை. கேட்கும்போதே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஐந்துக்கு மூன்று தரலாம். மருந்து மோசம் என்பதால் இரண்டைக் குறைக்கவில்லை. இதைச் சரியாகப் பூசுவது கஷ்டம், பூசும் முறையை விற்பவரும் விளக்குவதில்லை, டியூபுக்குள் இருக்கும் தாளிலும் எழுத்து கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது. வலி ஒரு சிறிய இடத்தில் நின்றால், நாளுக்கு நான்கு தடவை பூச முடிந்தால், ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்திருந்தால் இது வாங்கத் தகுந்தது. இந்த மூன்றில் ஒன்று முடியாதென்றாலும் காசை மிச்சப்படுத்திக்கொள்வதே நல்லது.

கப்சைசின் என்பது கொச்சிக்காயின் காரம்தான். அம்மியில் கொச்சிக்காய் அரைத்த கை இரவு வரை எரிவதும் இதனால்தான். தோலுக்கடியில் முடியும் வலி நரம்புகளில் டி.ஆர்.பி.வி.1 என்றொரு வாசல் இருக்கிறது. ஏறக்குறைய 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு பட்டால் அது திறக்கும். கப்சைசின் பட்டாலும் அதே வாசல்தான் திறக்கும். அதனால் நெருப்பும் காரமும் மூளைக்கு ஒரே சேதியாகப் போய்ச் சேர்கின்றன. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் ஆய்வுகூடம் 1997இல் இந்த வாசலைக் கண்டுபிடித்தது. 2021இல் இன்னொரு விஞ்ஞானியான ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்த்து அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. திறந்த வாசல் வழியாகக் கல்சியம் திரும்பத் திரும்ப உள்ளே பாய்ந்தால் நரம்பு நுனி களைத்துச் செயலிழந்து பின்வாங்குகிறது. வலி குறைவது அப்போதுதான். பூசுவதை நிறுத்தினால் நுனி மெல்ல மெல்ல மறுபடி வளரும். ஆகவே இது நோயைத் தீர்க்கும் மருந்தல்ல, வலியை அடக்கி வைக்கும் மருந்து.

ஆரம்பத்தில் எரிவது இதனால்தான். முதல் ஒன்றிரண்டு வாரம் நன்றாகவே எரியும். பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள்: எரிகிறதே என்று நான்கு தடவையை இரண்டாகக் குறைத்துவிடுகிறார்கள். அப்படிக் குறைத்தால் நரம்பு களைப்பதற்குள் தேறிவிடும். எரிச்சல் வாரக்கணக்கில் நீளும், வலியும் குறையாது. ஒழுங்காக நான்கு தடவை பூசுகிறவருக்கு எரிச்சல் சீக்கிரம் அடங்கும். வலி குறைவதை உணர இரண்டு முதல் நான்கு வாரமாவது பிடிக்கும்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு நான்கு தடவை என்பது லேசான காரியமல்ல. விடியற்காலை மலைக்குப் போகுமுன் ஒன்று, பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வரும்போது ஒன்று, மாலை கொழுந்து நிறுத்து முடிந்து வந்து ஒன்று, படுக்குமுன் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் பூசிய உடனே இறப்பர் பூட்ஸை மாட்டக் கூடாது. பூட்ஸுக்குள் வேர்வையும் சூடும் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும். கிரீம் தோலில் ஊறிக் காயும்வரை விட்டு, பிறகு பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். துணியை இறுக்கிக் கட்டவே வேண்டாம்.

மலைநாட்டுக் குளிரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நுவரெலியா, ஹட்டன் பக்கம் சுடுதண்ணி இல்லாமல் குளிப்பவர் குறைவு. கிரீம் பூசிய காலில் சுடுதண்ணி பட்டால் அந்த வாசல் காரத்தாலும் சூட்டாலும் ஒன்றாகத் தூண்டப்பட்டு, தாங்க முடியாத எரிச்சல் வரும். குளித்து, தோல் நன்றாகக் குளிர்ந்த பின்பே பூச வேண்டும். பூசிவிட்டு உடனே குளிக்கவும் கூடாது. அடுப்படியில் கால் நீட்டிக் குளிர் காய்வதையும் சுடுதண்ணிப் போத்தல் வைப்பதையும் விட்டுவிட வேண்டும். நீரிழிவால் மரத்த பாதத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது, தோல் பொசுங்கிய பிறகே கண்ணில் படும். கற்பூரமும் மென்தோலும் கலந்த தைலத்தை இதன்மேல் தேய்க்கவும் வேண்டாம். அட்டை கடித்த இடம், குதிகால் வெடிப்பு, கொப்புளம், ஆறாத புண் ஆகிய எதிலும் கிரீம் படவே கூடாது. மழைக்காலத்தில் ஒவ்வொரு தடவையும் பூசுமுன் விளக்கடியில் காலைத் திருப்பிப் பாருங்கள், விரல் இடுக்கையும் சேர்த்து.

அளவு இதுதான்: சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். ஓர் உள்ளங்காலுக்கு அது போதும். மெல்லியதாகப் பரப்பித் தேய்த்த பின் வெள்ளைப் படலம் தெரியக் கூடாது, தெரிந்தால் அதிகம் பூசியிருக்கிறீர்கள். இரண்டு கால், நான்கு தடவை என்றால் நாளுக்கு நான்கு கிராம். ஆக 30 கிராம் டியூப் ஒரு வாரத்துக்குத்தான் காணும். ஆறு வாரத்துக்கு ஆறு டியூப் வேண்டும். இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், பலர் ஒரு டியூபோடு, அதுவும் எரிச்சல் உச்சத்தில் இருக்கும் வாரத்திலேயே, கைவிட்டுவிடுகிறார்கள். ஆறு டியூபுக்கு வசதி இல்லையென்றால் முதல் டியூபையும் வாங்காமல் இருப்பதே மேல். அக்கி வந்த இடம் உள்ளங்கை அளவே இருந்தால் செலவு பெருமளவு குறையும். அங்கேயும் கொப்புளம் முற்றாகக் காய்ந்து புதுத்தோல் வந்த பிறகே தொடங்க வேண்டும்.

கையுறை போட்டுப் பூசுவது நல்லது. இல்லையென்றால் பூசியபின் கையை முதலில் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். காரம் எண்ணெயில்தான் கரையும், வெறுந்தண்ணியில் போகாது. கைவிரலுக்கே பூசுகிறவர் அரை மணி நேரம் விட்டுக் கழுவலாம். கழுவாத விரலால் மலையில் நெற்றி வேர்வையைத் துடைத்தால் காரம் கண்ணுக்குப் போகும். பிள்ளைக்காம்பராவிலிருந்து (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து) குழந்தையைத் தூக்கிக்கொள்ளுமுன்னும் கை சுத்தமாக இருக்க வேண்டும். காய்ந்த கிரீம் தூளாகப் பறந்து மூச்சில் ஏறினால் தும்மலும் இருமலும் வரும். சின்னக் காம்பராவில் எல்லாரும் ஒன்றாகப் படுக்கும் வீடுகளில் படுக்கை விரிப்பை வெளியே கொண்டுபோய் உதறுங்கள். பிரஷருக்கு எனலாப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில் போன்றவை குடிப்பவர்களுக்கு இருமல் மேலும் கூடலாம், கிளினிக்கில் அதைச் சொல்லுங்கள்.

மற்ற மருந்துகளோடு வைத்துப் பார்த்தால் இந்தக் கிரீமுக்கு ஆதாரம் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. எரிச்சலே காட்டிக்கொடுத்துவிடுவதால், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் பூச்சு என்று மறைத்துச் சோதிப்பது கஷ்டம். நரம்பு வலி மருந்துகள் பற்றி 2015இல் வெளியான சர்வதேசப் பரிந்துரையில் அமிட்ரிப்டிலின் வகை, டுலோக்செட்டின், கபாபென்டின், பிரிகாபலின் ஆகியவை முதல் வரிசையில் வந்தன. தோலில் ஒட்டும் 8% கப்சைசின் பட்டை இரண்டாம் வரிசையில் வந்தது. சாதாரணக் கிரீமைப் பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்று விட்டுவிட்டார்கள். அதே ஆய்வின் கணக்குப்படி, போலி மருந்தைவிடக் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய அமிட்ரிப்டிலின் வகையை 3.6 பேருக்கும், பிரிகாபலினை 7.7 பேருக்கும், 8% பட்டையை 10.6 பேருக்கும் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டை ஒன்றில் 179 மில்லிகிராம் கப்சைசின் இருக்கிறது. நம் 30 கிராம் டியூபில் 22.5 மில்லிகிராம்தான். பட்டையை மருத்துவப் பணியாளர்தான் ஒட்டவேண்டும். பாதத்தில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் பலன் மாதக்கணக்கில் நிற்கலாம். வீட்டில் ஒட்டும் சாமான் அல்ல அது.

அப்படியென்றால் கிரீம் எதற்கு? மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமில் தொடங்கினாலும் சிலருக்கு வாய் காயும், காலையில் தூக்கம் தெளியாது. பிரிகாபலின் தலைசுற்றலையும் கால் வீக்கத்தையும் தரலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு அதன் அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டும், சீனி வருத்தக்காரரில் அப்படிப்பட்டவர் பலர். மழையில் வழுக்கும் மலைப்படியில் கூடையோடு இறங்குகிற ஒருவருக்குத் தலைசுற்றல் சின்ன விஷயமே அல்ல. கிரீம் தோலோடு நின்றுவிடுவதால் அந்தத் தொல்லைகள் இல்லை, அது பெரிய ஆறுதல்.

வாசலை எரியவைத்துக் களைக்கவிடாமல் ஒரேயடியாகப் பூட்டிவிட்டால் என்ன என்று மருந்து நிறுவனங்களும் முயன்றன. பூட்டும் மருந்துகளைக் குடித்தவர்களுக்கு உடம்புச் சூடு ஏறியது. சிலருக்குச் சுடுதண்ணி சுடுவதே தெரியாமல் போனது. வலியை உணரும் வாசல்தான் உடம்பைக் காக்கவும் செய்கிறது என்பதால் அந்த வழி எதிர்பார்த்தபடி வளரவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் வேறொரு வாசலை அடைக்கும் மாத்திரை. ஆனால் அந்த அனுமதி குறுகிய கால வலிக்கு மட்டும்தான்.

டியூபை வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பற்பசை டியூபுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். பூசிய இடத்தில் கொப்புளம் எழும்பினால், தோல் உரிந்தால், அல்லது எட்டு வாரம் விடாமல் பூசியும் வலி அசையவில்லையென்றால் நிறுத்திவிட்டு, மிச்ச டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். எத்தனை வீதம், எத்தனை வாரம், நாளுக்கு எத்தனை தடவை என்று சொன்னால், அடுத்து எந்த மாத்திரை என்று தீர்மானிக்க டாக்டருக்கு அது உதவும்.