ஹாம்பர்க்கின் கிடங்கு நகரத்தில் ஒரு நடைச் சுற்றுலா: மதிப்புரை

ஹாம்பர்க் நகரின் நடுப்பகுதியில், எல்பே ஆற்றின் கால்வாய்களை ஒட்டி எழுந்துள்ள ஸ்பைஷர்ஸ்டாட் என்னும் கிடங்கு நகரத்தை வழிகாட்டியுடன் நடந்து பார்க்கும் சுற்றுலாக்கள் பல உண்டு. அவற்றுள் நான் அண்மையில் சென்ற இரண்டு மணி நேர நடையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். செங்கல் கோபுரங்களின் அழகுக்கு வருமுன், அவற்றுக்காக இடிக்கப்பட்ட வீடுகளைப் பற்றி வழிகாட்டி பேசியதே அதற்குக் காரணம்.

ஜெர்மன் பேரரசின் சுங்க எல்லைக்குள் சேர 1881இல் ஹாம்பர்க் உடன்பட்டபோது, துறைமுகத்தின் ஒரு பகுதியில் மட்டும் தீர்வையின்றிச் சரக்கு வைத்துக்கொள்ளும் உரிமை அதற்கு விடப்பட்டது. தீர்வையற்ற அந்தப் பகுதிக்குள் எவரும் குடியிருக்கக் கூடாது என்பதால், 1883 முதல் கேர்வீடர், வாண்ட்ராம் பகுதிகளில் தொழிலாளர் குடியிருப்புகளும் வணிகர்களின் பழைய மாளிகைகளும் ஒருசேர இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 20,000 பேர் வெளியேற்றப்பட்டனர். கேர்வீடர் என்றால் 'திரும்பி வா' என்று பொருள். அதைச் சொல்லிவிட்டு வழிகாட்டி சற்று நேரம் பேசாமல் நின்றார். எங்களுள்ளும் யாரும் பேசவில்லை. 1888இல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கிடங்கு நகரத்தின் முதற்கட்டத்தைத் திறந்துவைத்தார்.

ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு முகம் தெருவை நோக்கியும் மறுமுகம் கால்வாயை நோக்கியும் இருக்கிறது. மாடிக்கு ஒன்றாகக் கதவுகள் நேர்வரிசையில் அமைந்திருக்க, உச்சியில் செம்புக் கூரையின் கீழ் பாரந்தூக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறது. காப்பி, தேயிலை, மசாலா மூட்டைகள் படகிலிருந்து நேரே மேலேறியது இப்படித்தான். போக்கன்மூலன் பாலத்தில் நாங்கள் நின்றபோது கடல் ஓதம் இறங்கியிருந்ததால் நீர் வற்றிச் சேறு தெரிந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலே பச்சைக் கறை படிந்திருந்தது. அந்த இளகிய மண்ணில் ஆயிரக்கணக்கான மரக்கால்களை அடித்திறக்கி அவற்றின்மேல்தான் இத்தனை கட்டடங்களையும் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை அந்தச் சேற்றைப் பார்த்த பிறகே என்னால் உணர முடிந்தது.

ஒரு குறையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழப் பாதி அழிந்ததையும், கட்டடக் கலைஞர் வெர்னர் கால்மோர்கன் அதை மீட்டெழுப்பியதையும் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பழைய சுவரும் புதிய சுவரும் சேருமிடத்தைக் கட்டாயம் நிறுத்திக் காட்டியிருக்க வேண்டும். 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்ற இடத்துக்கு அது போதாது.

கருங்கல் பாவிய தெருக்கள் என்பதால் நல்ல காலணி அணிந்து செல்லுங்கள். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றும் வேளைக்குப் பதிவு செய்யுங்கள்.