கடைக் கல்லாவும் ஆன்லைன் ஆர்டரும் ஒரே பேரேட்டில்: எந்த இணைப்பு முறை தாங்கும்?

கடையில் பில் போடுவது ஒரு மென்பொருள், ஆன்லைன் கடை ஓடுவது இன்னொன்றில், கணக்கு எழுதுவது மூன்றாவதில். இந்த மூன்றையும் சேர்த்துவைப்பதாகச் சொல்லும் இணைப்புச் செயலிகள் நிறைய வந்துவிட்டன. ஒரே கிளிக்கில் இணையும் என்று எல்லாருமே சொல்கிறார்கள். இணைவது உண்மைதான். இணைந்த பிறகு, மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு கணக்கு ஒத்துப்போகிறதா என்பதில்தான் ஒவ்வொன்றும் வேறுபடுகிறது. அதை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சில்லறைக் கடைகளுக்கு, ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகக் கணக்கு மென்பொருளுக்குள் தள்ளுவதைவிட, நாளுக்கு ஒன்று அல்லது செட்டில்மென்ட்டுக்கு (பிடித்தம் போக வங்கிக்கு மொத்தமாக வந்து சேரும் ஒவ்வொரு தொகைக்கும்) ஒன்று எனத் தொகுத்துப் பதிவதே நல்லது. விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்கிறேன்.

ஒரு நாள் வியாபாரத்தை வைத்துப் பார்ப்போம்

கடையில் ரொக்க விற்பனை 600. கார்டு விற்பனை 900. ஆன்லைனில் 500. முன்பு ஆன்லைனில் வாங்கிய ஒருவர் நேரில் வந்து 100 மதிப்புள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து, கல்லாவிலிருந்து ரொக்கமாக வாங்கிப் போகிறார். கார்டு நிறுவனம் 18 கமிஷன் பிடித்துக்கொண்டு மறுநாள் 882 அனுப்புகிறது. ஆன்லைன் பணம் 15 பிடித்தம் போக, இரண்டு நாள் கழித்து 485 வருகிறது. வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

விற்பனை 2,000. ரிட்டர்ன் 100. கமிஷன் 33. கையில் மிஞ்ச வேண்டியது 1,867. கல்லாவில் 500, வங்கியில் 1,367, சரியாக இருக்கிறது. ஆனால் இந்தத் தொகைகள் மூன்று வெவ்வேறு நாட்களில் வந்து சேர்கின்றன, அவற்றில் எதுவுமே பில் தொகையோடு நேரடியாகப் பொருந்தவில்லை. ஒத்திசைவின் சிக்கல் முழுக்க இதில்தான் இருக்கிறது.

இதற்குக் கணக்காளர்கள் காலங்காலமாகக் கையாளும் வழி இடைக்கணக்கு. கல்லாவுக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று, ஆன்லைன் பணத்துக்கு ஒன்று. விற்பனை பதியும்போது பணம் இடைக்கணக்குக்குப் போகும். வங்கிக்குப் பணம் வந்ததும், கமிஷனைச் செலவில் எழுதிவிட்டு இடைக்கணக்கிலிருந்து கழிப்போம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இடைக்கணக்கின் இருப்பு பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். திரும்பவில்லை என்றால், பணம் வரவில்லை, அல்லது ஏதோ ஒன்று இரண்டு முறை பதிந்திருக்கிறது. நீங்கள் வாங்க நினைக்கும் செயலி இந்த இடைக்கணக்கு முறைக்கு இடம் தருகிறதா என்பதை முதலில் பாருங்கள். தராவிட்டால் மற்ற வசதிகளைப் பார்க்கவே வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் தவறும் இங்கேதான். செயலி 2,000 விற்பனையைத் தானாக எழுதிவிடும். அப்புறம் வங்கியிலிருந்து இறங்கும் 882, 485 இரண்டையும் கணக்கு எழுதுபவர் மறுபடியும் "விற்பனை" என்று குறித்துவிடுவார். புத்தகத்தில் விற்பனை 3,367 ஆகிவிடும். இல்லாத விற்பனைக்கு வரி கட்ட நேரிடும். செயலியில் பிழையே இருக்காது. வங்கி வரவை இடைக்கணக்கோடு பொருத்த வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

கையால் எழுதுவது

இரவு கல்லாவை மூடும்போது பில்லிங் மெஷின் தரும் இசட் ரிப்போர்ட்டை, அதாவது அன்றைய விற்பனையின் மொத்தச் சுருக்கத்தை, பார்த்து ஒரே ஒரு ஜர்னல் என்ட்ரி (பற்று வரவுப் பதிவு) போடுவது. இதை யாரும் பரிந்துரைப்பதில்லை, நான் பரிந்துரைப்பேன். ஒரே கடை, ஆன்லைனில் குறைந்த ஆர்டர் என்றால் மாதச் சந்தா கட்டி ஒரு செயலியைப் பராமரிப்பதைவிட இது லேசு. மேலே சொன்ன நாளுக்குப் பத்து வரிகூட ஆகாது. எழுதுபவர் விடுப்பில் போனால் நின்றுவிடும் என்பதும், எண்ணை மாற்றி அடித்துவிடலாம் என்பதும் குறைகள். இடைக்கணக்கு இருந்தால் தவறிய எண் தானாக வெளியே வந்துவிடும்.

ஒவ்வொரு பில்லும் தனித்தனியாக

கேட்பதற்கு இதுதான் முழுமையானதாகத் தெரியும். கடையில் பில் விழுந்ததும் அதே விவரத்தோடு கணக்கு மென்பொருளில் ஒரு ரசீது உருவாகும். சிண்டர் போன்ற செயலிகளில் இந்த முறையும் உண்டு, தொகுத்துப் பதியும் முறையும் உண்டு.

பில் வாரியான முறை உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது: கடனுக்கு விற்பவர்கள். நிறுவனங்களுக்குச் சரக்குக் கொடுத்து, முப்பது நாள் கழித்துப் பணம் வாங்குபவர்களுக்கு யார் எவ்வளவு பாக்கி என்பது பேரேட்டிலேயே இருக்க வேண்டும். அந்தப் பில்களைத் தனித்தனியாகத்தான் பதிய வேண்டும்.

ஆனால் வந்து வாங்கிப் போகும் வாடிக்கையாளரின் பில்லுக்கு அது வீண் சுமை. பெயர் தெரியாத வாடிக்கையாளர்களால் பட்டியல் வீங்கும். வங்கி வரவான 882-ஐ எந்தெந்தப் பில்லோடு பொருத்துவது என்று தேட வேண்டிவரும். பண்டிகைக் கூட்டத்தில் வேகமும் தடைப்படும்: ஸீரோ என்ற கணக்கு மென்பொருள், ஒரு நிறுவனத்தின் புத்தகத்துக்குள் ஒரு செயலி நிமிடத்துக்கு 60 அழைப்புகளுக்கு (தரவை அனுப்பும் அல்லது கேட்கும் கோரிக்கைகளுக்கு) மேல் அனுப்ப விடாது. இன்னொரு கணக்கு மென்பொருளான குவிக்புக்ஸ் ஆன்லைனில் அது நிமிடத்துக்கு 500. செயலி வரிசையில் நின்று மெதுவாக அனுப்பும், அதனால் பில் காணாமல் போய்விடாது. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் பார்க்கும் அறிக்கை அரைகுறையாகத்தான் இருக்கும்.

நானூறு பில்லில் ஒன்று மட்டும் போய்ச் சேரவில்லை என்றால் அதைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. நெட் தடங்கலில் அதே பில் இரண்டு முறை போவதும் நடக்கும். இதைத் தடுக்க நல்ல செயலிகள் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் புறக்கணிக்கச் செய்யும். பில்லிங், கார்டு சேவை தரும் ஸ்கொயர் நிறுவனத்தின் ஏபிஐயில் (வெளி மென்பொருள்கள் அதனோடு பேசும் வாசலில்) இந்த வசதி உள்ளிருந்தே வருகிறது. வாங்கும் முன் விற்பனைப் பிரிவில் கேளுங்கள்: "ஒரே பில்லை இரண்டு முறை அனுப்பினால் என்ன ஆகும்?" தெளிவான பதில் வராவிட்டால் வேறு செயலி பாருங்கள்.

தொகுத்துப் பதிவது

இதில் இரண்டு உட்பிரிவு உண்டு, பலரும் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதல் வகை, நாள் வாரியாக. அன்றைய விற்பனை, வரி, தள்ளுபடி, ரிட்டர்ன், பணம் வந்த வழிகள் எல்லாம் ஒரே என்ட்ரியில். கல்லாவை எண்ணி மூடும் பழக்கத்தோடு இது இயல்பாகப் பொருந்துகிறது. ரொக்கம் புழங்கும் கடைகளுக்கு இதுவே சரி.

இரண்டாவது, செட்டில்மென்ட் வாரியாக. ஏ2எக்ஸ் என்ற இணைப்புச் செயலி இந்த வழிக்குப் பேர்போனது. ஆன்லைன் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபையோ அமேசானோ உங்கள் வங்கிக்கு அனுப்பும் ஒவ்வொரு தொகையையும் பிரித்து, அதில் விற்பனை எவ்வளவு, ரிட்டர்ன் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று எழுதிவிடும். வங்கி வரவு 485 என்றால் புத்தகத்திலும் 485 என்றே ஒரு பதிவு காத்திருக்கும். பொருத்துவது நொடி வேலை. இரண்டு மாதங்களில் கால் வைக்கும் செட்டில்மென்ட்டை அந்தந்த மாதத்துக்கு உரியபடி பிரிக்கவும் செய்யும். ஆன்லைனுக்கு இதைவிட நல்ல முறையை நான் பார்க்கவில்லை.

ஆனால் கடைக்கு? கல்லாவில் விழுந்த 600-க்கு செட்டில்மென்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. பில்லிங் மென்பொருளோடு இணையாத தனி கார்டு மெஷின் வைத்திருந்தால் அந்த 900-ம் ஆன்லைன் தளத்தின் செட்டில்மென்ட்டில் வராது. ஆகவே செட்டில்மென்ட் வாரியான செயலி எடுத்தால், ரொக்கத்தையும் வெளிக் கார்டு மெஷினையும் அது எங்கே வைக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். ஆன்லைனுக்கு செட்டில்மென்ட், கடைக்கு நாள் வாரி என்று இரண்டையும் கலந்து வைப்பதில் தவறேதும் இல்லை. ஒரே விற்பனை இரண்டிலும் வராதபடி பிரித்துவிட்டால் போதும். ஷாப்பிஃபையில் கடை பில்லா, இணைய ஆர்டரா என்பது ஆர்டரிலேயே குறிக்கப்பட்டிருக்கும், அதை வைத்துப் பிரிக்கலாம்.

எல்லாம் ஒரே மென்பொருளில்

ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் போன்றவற்றில் பில்லிங், ஆன்லைன் கடை, சரக்கு, கணக்கு எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருக்கும். ஒத்திசைக்கவே வேண்டாம் என்பது இவற்றின் வாதம், அது பெரும்பாலும் நியாயம்தான். நான் கவனித்தது இன்னொன்று. ஓடூவில் கல்லா அமர்வை மூடும்போது, தனி இன்வாய்ஸ் கேட்காத பில்களைச் சேர்த்து ஒரே ஜர்னல் என்ட்ரியாகத்தான் எழுதுகிறது. ஈஆர்பிநெக்ஸ்ட்டும் கல்லாவை மூடும்போது கடை பில்களை ஒன்றாகத் திரட்டி விற்பனை இன்வாய்ஸாக மாற்றுகிறது. தரவு முழுதும் கையில் இருந்தும், பேரேட்டுக்குப் போகும்போது தொகுப்பையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தொகுப்பே போதும் என்று நான் சொல்வதற்கு இது வலுவான சான்று.

ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதன் விலை என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். இன்டூயிட் நிறுவனம் தன் குவிக்புக்ஸ் டெஸ்க்டாப் பிஓஎஸ் (கடை பில்லிங்) மென்பொருளை 2023 அக்டோபர் 3-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டு, பயனர்களை ஷாப்பிஃபை பக்கம் கைகாட்டியது. கணக்கோடு ஒட்டிப் பிறந்த பில்லிங் மென்பொருளை நம்பியிருந்தவர்கள் மறுபடி இணைப்பைத் தேட வேண்டியதாயிற்று. எந்த மென்பொருளை எடுத்தாலும், பழைய பில்களை முழுதாக இறக்கிக்கொள்ள முடியுமா என்று முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள்.

சொந்தமாக எழுதிக்கொள்வது

நிரல் எழுதாமலே செயலிகளை இணைக்கும் ஜேப்பியர் போன்ற கருவிகளிலோ சொந்த நிரலிலோ இணைப்பைக் கட்டலாம். விற்பனை போகும் பாதையை ஒரே மாலையில் கட்டிவிடலாம். ரிட்டர்ன், பாதி ரிட்டர்ன், ஆர்டரில் பிறகு செய்த மாற்றம், கிஃப்ட் கார்டு, இவற்றுக்கு வரும்போதுதான் வேலை நீளும். வெப்ஹுக்கை (ஆர்டர் விழுந்ததும் ஆன்லைன் கடை தானாக அனுப்பும் தகவலை) மட்டும் நம்பினால் சத்தமில்லாமல் நின்றும் போகும். வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடை மென்பொருளில் தொடர்ந்து ஐந்து முறை அனுப்புதல் தோற்றால் அந்த வெப்ஹுக் தானாக முடக்கப்படும். ஷாப்பிஃபை தன் ஆவணத்திலேயே, வெப்ஹுக்கை மட்டும் சார்ந்திருக்காமல் அவ்வப்போது ஆர்டர்களைத் திரும்ப எடுத்துச் சரிபார்க்கச் சொல்கிறது. தினமும் இரவில் அந்தச் சரிபார்ப்பை ஓட்ட ஆள் இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

சரக்கு இருப்பைத் தனியே வையுங்கள்

பணத்தை ஒத்திசைக்கிறோம், சரக்கையும் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். இருப்பை எண்ணுவது பில்லிங் பக்கமே இருக்கட்டும். குவிக்புக்ஸ் ஆன்லைன் முதலில் வந்த சரக்கு முதலில் போனதாக வைத்து மதிப்பிடும், ஸீரோ சராசரி விலையில் மதிப்பிடும். உங்கள் பில்லிங் மென்பொருள் வேறு முறை வைத்திருக்கலாம். இரு பக்கமும் எண்ணினால் இரு வேறு மதிப்பு வரும், இரண்டுமே அதனதன் விதிப்படி சரியாக இருக்கும். மாதம் ஒருமுறை சரக்கின் அடக்க விலையை ஒரே என்ட்ரியாக எழுதினாலே போதும்.

நேரமும் தொல்லை தரும். பல ஏபிஐகள் நேரத்தை யூடிசியில்தான் (உலகப் பொது நேரத்தில்) தருகின்றன. கடை மூடுவதற்கு முன் போட்ட பில், செயலியின் பார்வையில் வேறு நாளில் விழலாம். செயலியின் அமைப்பில் கடையின் நேர மண்டலம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் சோதிக்க

இலவசக் காலத்தில் சாதாரண விற்பனையைச் சோதிப்பதில் பயனில்லை, அதை எல்லாச் செயலியும் சரியாகவே எழுதும். கடையில் ஒரு கிஃப்ட் கார்டை விற்று, அதை ஆன்லைனில் செலவழித்துப் பாருங்கள். விற்ற அன்று அது பொறுப்பாக (வாடிக்கையாளருக்கு நாம் தர வேண்டிய பாக்கியாக) மட்டும் நிற்க வேண்டும், செலவழித்த அன்றுதான் விற்பனையாக மாற வேண்டும். இரண்டு இடத்திலும் விற்பனை என்று எழுதினால் அந்தச் செயலி உங்களுக்கு ஆகாது. அடுத்து, ஆன்லைனில் வாங்கியதைக் கடையில் திருப்பி ரொக்கம் வாங்குங்கள்: கல்லா இடைக்கணக்கு குறைய வேண்டும், ஆன்லைன் இடைக்கணக்கு அசையக் கூடாது. பாதி ரொக்கம், பாதி கார்டில் ஒரு பில் போடுங்கள். பிறகு கணக்கு மென்பொருளில் போன மாதத்தைப் பூட்டிவிட்டு, அந்த மாதத்துப் பில் ஒன்றைத் திருத்துங்கள். பூட்டு இருப்பதால் பதிய முடியவில்லை என்று செயலி வாய் திறந்து சொல்கிறதா, கமுக்கமாக விட்டுவிடுகிறதா என்பது தெரிந்துவிடும்.

தொடங்குவதை ஒரு மாதத்தின் முதல் தேதியில் வையுங்கள். அதற்கு முந்தைய பில்களைச் செயலி இழுத்துவராதபடி தொடக்கத் தேதியைக் குறித்துவிடுங்கள். முதல் தேதிக்கு முன் விற்று, இன்னும் வங்கிக்கு வராத பணத்தை மட்டும் இடைக்கணக்கில் ஆரம்ப இருப்பாக எழுதுங்கள். முதல் வாரத்துக்குள் அந்த ஆரம்ப இருப்பு முழுதும் கழிந்திருக்க வேண்டும். கழியாவிட்டால் அடுத்த வாரத்துக்குப் போகாமல் அங்கேயே நின்று காரணத்தைத் தேடுங்கள்.