டிரா கையில் இருக்கும்போது பெட்டா, செக்கா?

போக்கர் மேசை. ஃப்ளாப், அதாவது முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகள், விழுந்துவிட்டது. கையிலும் மேசையிலுமாக நான்கு ஹார்ட், ஐந்தாவதைக் காணோம். ஒரே சின்னத்தில் ஐந்து சேர்ந்தால் ஃபிளஷ்; இப்படி ஒரு சீட்டுக்குக் காத்திருக்கும் கைதான் டிரா. எதிராளி செக் செய்துவிட்டு (எதுவும் போடாமல் முறையை விட்டுவிட்டு) நம்மைப் பார்க்கிறார். பெட் (பந்தயம்) போடுவதா, நாமும் செக் செய்து அடுத்த சீட்டைக் காசில்லாமல் பார்ப்பதா?

நான் பெட் கட்சி. நோ-லிமிட் ஹோல்டெம் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர்) கேஷ் மேசையில் ஃப்ளாப்பில் நல்ல டிரா வந்தால் பெட்டைத்தான் முதலில் யோசிப்பது, செக் செய்யத் தனியாக ஒரு காரணம் இருந்தால்தான் செக் என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன். அதனால் இந்த அலசலில் செக்குக்கு எதிராகக் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும். படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

அடிப்படைக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஃபிளஷ் டிராவுக்கு 9 அவுட், அதாவது கையைச் சேர்த்து வைக்கும் சீட்டு ஒன்பது பாக்கி. டர்ன், ரிவர் என்ற நான்காவது, ஐந்தாவது பொதுச் சீட்டு இரண்டையும் பார்த்தால் சுமார் 35 சதவீதம் வரும். இரு முனையும் திறந்த ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) டிராவுக்கு 8 அவுட், 31க்குச் சற்று மேல். நடுவில் ஒரே சீட்டுக்குக் காத்திருக்கும் கட்ஷாட்டுக்கு 4 அவுட், பதினாறரை. ஃபிளஷும் இரு முனை ஸ்ட்ரெய்ட்டும் சேர்ந்தே இருந்தால் 15 அவுட், 54 சதவீதம். அந்தக் கையைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம், போடுங்கள்.

சரி, பெட் ஏன்? செக் செய்தால் சீட்டு வந்தால்தான் ஜெயிப்பு. பெட் போட்டால் எதிராளி ஃபோல்ட் செய்தாலும் (கையை விட்டுவிட்டாலும்) ஜெயிப்பு. இந்த இரண்டாவது வழிக்கு எவ்வளவு மதிப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயம், 100 சிப். அதற்குப் பிறகு யாரும் எதுவும் போடாமல் கடைசிவரை போகிறோம் என்று வைத்துக்கொண்டால், செக் செய்யும் ஃபிளஷ் டிராவின் பங்கு 35. இப்போது 70 போடுகிறேன். கால் வந்தால் (அவரும் அதே 70ஐப் போட்டால்) பாட் 240. அதில் 35 சதவீதம் 84. நான் போட்ட 70ஐக் கழித்தால் மிச்சம் 14. செக்கை விடக் குறைவுதான். ஆனால் ஃபோல்ட் வந்தால் முழு 100ம் எனக்கு. இரண்டையும் கலந்து பார்த்தால், நாலு தடவையில் ஒரு தடவை எதிராளி சீட்டைக் கீழே வைத்தாலே பெட்டும் செக்கும் சமம். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு ஃபோல்டும் லாபம். ஃப்ளாப்பில் ஒன்றுமே கிடைக்காத கைகள்தான் அதிகம் என்பதால், ஒற்றை எதிராளியிடம் நாலில் ஒன்று பெரிய எதிர்பார்ப்பு இல்லை.

இதே கணக்கை டர்னில் போட்டால் முகம் மாறிவிடும். ஒரே சீட்டுதான் பாக்கி, வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கீழே. அதே 70ஐப் போட்டுக் கால் வாங்கினால் சராசரியாக 23 சிப் நஷ்டம். செக்கோடு சமமாக வரவே 35 சதவீதம் ஃபோல்ட் தேவை. அதுவும் ஃப்ளாப்பில் ஏற்கெனவே கால் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆளிடம். அதனால் ஃப்ளாப்பில் பெட், டர்னில் பல நேரம் செக் என்பதுதான் என் வழக்கம். கடைசியாகப் பேசும் (முடிவு சொல்லும்) இடத்தில் உட்கார்ந்திருந்தால் இதில் ஒரு சின்ன லாபமும் உண்டு: ஃப்ளாப்பில் அடி வாங்கியவர் டர்னில் பெரும்பாலும் நமக்கே செக் செய்து தருவார், ரிவர் சீட்டு இலவசம்.

மேலே போட்ட கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. எதிராளி ஃபோல்டோ காலோதான் செய்வார் என்று வைத்துக்கொண்டோம். அவர் ரெய்ஸ் செய்தால், அதாவது பந்தயத்தை உயர்த்தினால்? என்னைக் கேட்டால் முழு விஷயமும் இங்கேதான் தீர்மானமாகிறது. பெட் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி 'இவர் ஃபோல்ட் செய்வாரா' என்பது மட்டுமில்லை. 'இவர் திருப்பி அடித்தால் நான் என்ன செய்வேன்' என்பதும்தான்.

கையில் ஹார்ட் கிங், ஹார்ட் 9. ஃப்ளாப்பில் ஹார்ட் ஜாக், ஸ்பேட் 7, ஹார்ட் 4. பாட் 100, இருவரிடமும் ஆளுக்கு 400. நான் 70 போடுகிறேன், அவர் மொத்தமாக 400ஐத் தள்ளுகிறார். இன்னும் 330 போட்டால் மொத்தம் 900 ஆகும் பாட். கால் செய்ய எனக்கு 37 சதவீதம் வேண்டும். அவரிடம் ஏஸ்-ஜாக் இருந்தால் எனக்குக் கிங்கும் உதவும், தாராளமாகக் கால் செய்யலாம். மூன்று 7 என்றால் என் வாய்ப்பு கால்வாசிதான். ஹார்ட் ஏஸோடு அவருக்கும் ஃபிளஷ் டிரா என்றால் நான் ஏங்கிக் காத்திருக்கும் ஹார்ட்டே எனக்கு எமன். ஆக ஃபோல்ட் செய்தாலும் வயிறு எரியும், கால் செய்தாலும் எரியும். செக் செய்திருந்தால் சும்மா கிடைத்திருக்கும் டர்ன் சீட்டையும் 70 சிப் கொடுத்துத் தொலைத்த கதை.

இதே கை, இதே ஃப்ளாப், மிச்சம் 100 சிப்தான் என்றால் பிரச்சினையே இல்லை. மொத்தத்தையும் தள்ளிவிடலாம், மேலே ரெய்ஸ் செய்ய ஒன்றும் கிடையாது. மூன்றில் ஒரு ஃபோல்ட் வந்தாலே செக்கை மிஞ்சிவிடும். மாறாக ஆளுக்கு 1500 இருந்தால், அவர் 220க்கு ரெய்ஸ் செய்வார், நான் இன்னும் 150 போட வேண்டும். 540 பாட்டுக்கு 150 என்பது 28 சதவீதம். அடுத்த ஒரே சீட்டில் அவ்வளவு வராதுதான். ஆனால் வந்தால் பின்னால் ஆயிரத்துக்கும் மேல் சிப் காத்திருக்கிறது, நானும் கடைசியாகப் பேசுகிறேன். கால் செய்யலாம். பாட்டைப் போல மூன்று, நான்கு, ஐந்து மடங்கு சிப் இருக்கும் அந்த ரெண்டுங்கெட்டான் ஆழம்தான் தொல்லை. அங்கே அடிக்கடி செக்-ரெய்ஸ் செய்யும் (முதலில் செக் செய்துவிட்டு, நாம் போட்டதும் உயர்த்தும்) ஆள் எதிரே இருந்தால், பெட் கட்சிக்காரனான நானே செக் செய்துவிடுவேன்.

இதிலிருந்து முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும் ஒரு முடிவு வருகிறது. ரெய்ஸ் வந்தால் கவலையில்லாமல் தூக்கிப் போடக்கூடிய கட்ஷாட் பெட்டுக்கு நல்ல கை. அதில் தொலைப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை. ரெய்ஸைத் தாங்கக்கூடிய 15 அவுட் கையும் நல்ல கை. நடுவில் இருக்கும் டிராதான் அடி வாங்கும்.

அதே மாதிரி ஏஸ் உள்ள ஃபிளஷ் டிராவையும் 7-6 ஃபிளஷ் டிராவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழகான கை எது என்றால் ஏஸ்தான். ஆனால் ஏஸ் ஒன்றும் சேராமலேயே கடைசியில் சில பாட்டுகளை ஜெயித்துக் கொடுக்கும். செக்கில் அதற்கும் மதிப்பு உண்டு. 7-6 சேராவிட்டால் காட்டவே முடியாத கை, எதிராளி ஃபோல்ட் செய்தால்தான் உண்டு. கிங்-குயீன் வைத்திருப்பவரை 7-6ஐ வைத்து விரட்டினால் பெரிய சாதனை. ஏஸை வைத்து விரட்டினால் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்த கையைத்தான் விரட்டியிருக்கிறோம். அதனால் ஒன்றை மட்டும் போட வேண்டும் என்றால் நான் 7-6ஐத்தான் போடுவேன்.

செக் தெளிவாக ஜெயிக்கும் இடங்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். எதிரே மூன்று பேர், ஒவ்வொருவரும் பாதி நேரம் ஃபோல்ட் செய்வார்கள் என்றாலும் மூவரும் சேர்ந்து ஃபோல்ட் செய்வது எட்டில் ஒரு தடவைதான். எந்த ஜோடி கிடைத்தாலும் ரிவர் வரை விடாமல் கால் செய்கிறவரிடம் இந்த பெட்டுக்கு வேலையே இல்லை. நமக்கு வேண்டிய சீட்டு வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். ஃப்ளாப்பிலேயே ஜோடி விழுந்திருந்தால் ஃபிளஷ் அடித்தும் ஃபுல் ஹவுஸிடம் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொன்றில் இரண்டு) தோற்க வாய்ப்புண்டு, அங்கேயும் கையை அடக்கிக்கொள்வது நல்லது.

முதலில் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தால் செக் செய்தாலும் சீட்டு இலவசம் என்று உத்தரவாதம் இல்லை. பின்னால் இருப்பவர் போட்டுவிடலாம். அதனால் அங்கே செக்கின் மதிப்பு குறைகிறது என்பது என் கணிப்பு. ஆனால் பெட் போட்டுக் கால் வாங்கிய பிறகு டர்னில் முதலில் பேசுவதும் நாம்தான், அதுவும் சுகமான இடம் இல்லை. அந்த நிலையில் எது மேல் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. டோர்னமெண்ட்டில் நான் ஆடியது கொஞ்சம்தான். அங்கே சிப் தீர்ந்தால் வெளியே போக வேண்டும், பரிசு வரிசைக்கு ஓரிரு இடம் முன்னால் இருப்பவர்கள் காலுக்கு ரொம்பவே யோசிப்பார்கள். அதனால் அங்கே யாரிடம் சிப் அதிகமோ அவருக்கு இதே பெட் இன்னும் லாபமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நடுத்தரமாக வைத்திருப்பவருக்கு அப்படியில்லை.