ஒரே கேபிளில் மூன்று நெட்வொர்க்: இரண்டு வருட விலேன் அனுபவம்

என் லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஈத்தர்நெட் போர்ட் ஒன்றுதான். எனக்கோ வேலைக்கு ஒன்று, சோதனைக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று என மூன்று நெட்வொர்க் வேண்டும். ஒரே கேபிளில் பல தனி நெட்வொர்க்குகளை ஓட்டும் வழிதான் விலேன் (VLAN). ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண்ணைச் சுமக்கும் அடையாளம்தான் டேக். வேலைக்கு 10, சோதனைக்கு 20, கேமராக்களுக்கு 30 என வைத்தேன். சுவிட்சில் அந்த போர்ட்டை டிரங்க் (பல விலேன்களைச் சுமக்கும் போர்ட்) ஆக்கி மூன்றையும் டேக்கோடு அனுப்பச் சொன்னேன். இரண்டு வருடமாக ஓடுகிறது, இன்னொரு கார்டு வாங்கும் எண்ணமே வரவில்லை.

முதலில் ஐபி லிங்க் (ip link) கட்டளையால்தான் கணினியில் ஒவ்வொரு விலேனுக்கும் ஓர் இன்டர்ஃபேஸை உருவாக்கினேன். ரீபூட் செய்தால் எல்லாம் காணாமல் போய்விடும். சோதித்துப் பார்க்க மட்டும் அது சரி. நிரந்தரமாக வேண்டுமென்றால் நெட்வொர்க்மேனேஜரில் (லினக்ஸில் இணைப்புகளை நிர்வகிக்கும் சேவை) விலேன் இணைப்பாகவே சேர்த்துவிடுங்கள். தாய் இன்டர்ஃபேஸுக்கு, அதாவது அசல் ஈத்தர்நெட் போர்ட்டுக்கு, ஐபி முகவரி தேவையில்லை. அது எழுந்து நின்றால் போதும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது டீஃபால்ட் ரூட், அதாவது இணையத்துக்கு வெளியே போகும் பொது வழி. மூன்று விலேனிலும் டிஹெச்சிபி (தானாக ஐபி முகவரி தரும் சேவை) முகவரியோடு கேட்வேயையும் (வெளியே போகும் வாசல்) சேர்த்தே கொடுத்தது. பல வழிகள் இருந்தால் மெட்ரிக் எண் குறைந்த வழியே பயன்படும். நெட்வொர்க்மேனேஜர் விலேன்களுக்கு வழக்கமாக மெட்ரிக் 400 வைக்கும். முதலில் எழுந்தது 400, அடுத்தது 401. எது முந்தும் என்பது ஒவ்வொரு பூட்டிலும் மாறியது. கேமரா விலேனுக்கு வெளியே போக அனுமதி கிடையாது. அது முந்திய நாளெல்லாம் இணையம் இல்லை! 20, 30 இரண்டுக்கும் நெவர்-டீஃபால்ட் (டீஃபால்ட் ரூட்டாக ஆக்காதே என்ற அமைப்பு) போட்டேன், அவை தரும் டிஎன்எஸ்ஸையும் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) ஏற்க வேண்டாம் என்றேன். அதன்பின் அந்தத் தொல்லையே இல்லை.

இன்னொரு முறை 30-க்கு முகவரியே வரவில்லை. தாய் இன்டர்ஃபேஸில் டிசிபிடம்ப்பை (போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி), டேக்கையும் காட்டும் -e தேர்வோடு ஓட்டினேன். விலேன் 30 என்ற டேக்கோடு டிஹெச்சிபி கோரிக்கை திரும்பத் திரும்ப வெளியே போனது, பதில் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் கோளாறு என் கணினியில் இல்லை. அடுத்த சுவிட்சுக்குப் போகும் போர்ட்டில் 30-ஐ அனுமதிக்க மறந்திருந்தேன். ஒரு மணி நேரம் கான்ஃபிக் கோப்புகளைக் குடைந்த பிறகுதான் டிசிபிடம்ப்பை ஓட்டினேன். முதலிலேயே ஓட்டியிருக்க வேண்டும்.

எம்டியூ (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். விலேனுக்கான 802.1கியூ டேக் 4 பைட்தான், ஈத்தர்நெட் ஃபிரேமின் அதிகபட்ச அளவு 1518-லிருந்து 1522 பைட் ஆகும். எனக்கு ஒருமுறைகூட அதனால் சிக்கல் வந்ததில்லை.

ஃபயர்வால் விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். இந்தக் கணினி மூன்று நெட்வொர்க்கிலும் கால் வைத்திருக்கிறது. எல்லா முகவரியிலும் இணைப்புக்குக் காத்திருக்கும் எஸ்எஸ்ஹெச்சை (தொலைவிலிருந்து உள்நுழையும் சேவை) கேமரா பக்கமிருந்தும் தட்ட முடியும். அதனால் 30-ஐ ஃபயர்வாலில் தனி விதிகள் கொண்ட ஒரு ஸோனில் போட்டு, உள்ளே வரும் புதிய இணைப்புகளை மொத்தமாக அடைத்துவிட்டேன்.