ராஸ்பெர்ரி பை பிகோ 2: வன்பொருளும் மென்பொருளும் சந்திக்கும் இடத்தைக் காட்டும் போர்டு

கணினிக் கட்டமைப்பில் வேலை பார்க்க ஆசை, எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நான் கையில் கொடுப்பது ராஸ்பெர்ரி பை பிகோ 2. 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அதாவது ஒரே சிப்புக்குள் அடங்கிய சின்னக் கணினியைத் தாங்கும் பலகை. அறிவித்த விலை 5 டாலர். இங்கே சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டாலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். விலை கடைக்குக் கடை கொஞ்சம் மாறும்.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மதிப்பீடு அந்தக் கோணத்திலிருந்துதான் வருகிறது. ஒரு சிப் தொழிற்சாலையிலிருந்து வருவதற்கு முன்பே அதற்கான ஃபர்ம்வேர், அதாவது சிப்பை நேரடியாக இயக்கும் அடிப்படை மென்பொருள், எழுதத் தொடங்கிவிடுவார்கள். அவர்களுக்கும், அந்தச் சிப்பின் ஆர்டிஎல் (சுற்றை விவரிக்கும் நிரல்) எழுதுபவர்களுக்கும் நடுவில் உட்காருவது என் வேலை. வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரல் எழுதுபவர் "இந்த ஸ்டேட்டஸ் பிட்டைப் படித்தாலே அழிந்துவிடுகிறதே, இரண்டு பேர் படித்தால் என்ன ஆகும்?" என்று கேட்பார். டிசைன் குழு "அதை மாற்றினால் டைமிங் போய்விடும்" என்று சொல்லும். இரண்டு பக்கமும் சொல்வது சரிதான். ஒருவர் கஷ்டம் மற்றவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல, இரண்டு பக்கத்திலும் கொஞ்சமாவது கை வைத்துப் பார்த்த ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் குறைவு. கல்லூரியில் சிஎஸ் ஒரு கட்டடம், இசிஇ இன்னொரு கட்டடம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. பிகோ 2 அதைச் சொல்லித் தருகிறது.

போர்டில் இருக்கும் சிப்பின் பெயர் ஆர்பி2350. இதற்குள் ஆர்ம் கார்டெக்ஸ்-எம்33 கோர் இரண்டு, ஹசார்ட்3 என்ற ரிஸ்க்-ஃபைவ் கோர் இரண்டு. கோர் என்பது கட்டளைகளை ஓட்டும் பகுதி; ஆர்மும் ரிஸ்க்-ஃபைவும் இரண்டு வெவ்வேறு கட்டளைத் தொகுப்புகள். நான்கும் ஒரே நேரத்தில் ஓடாது. இரண்டு இருக்கைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் யார் உட்கார வேண்டும் என்று நாம் சொல்லலாம். கடிகாரம் 150 மெகாஹெர்ட்ஸ். எஸ்ரேம் என்ற வேலை நினைவகம் 520 கிலோபைட். நிரலைச் சேமிக்க போர்டில் 4 மெகாபைட் ஃபிளாஷ். ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் எதில் உட்கார்ந்தாலும் இவை எதுவும் மாறாது. ஒரே அடுப்பு, ஒரே சாமான், சமைப்பவர் மட்டும் வேறு. இரண்டு கட்டளைத் தொகுப்புகளை ஒப்பிட இதைவிட நேர்மையான ஏற்பாடு இந்த விலையில் நான் பார்த்ததில்லை. வழக்கமாக ஆர்ம் போர்டு ஒன்று, ரிஸ்க்-ஃபைவ் போர்டு ஒன்று என்று வாங்கி அளந்தால், வேறுபாடு கோரிலிருந்து வந்ததா, நினைவகத்திலிருந்து வந்ததா, ஃபிளாஷ் வேகத்திலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

மாற்றுவதும் எளிது. நிரலைக் கட்டமைக்கும் கருவியான சிமேக்கில் பிளாட்பார்ம் என்ற ஒரு மாறியை மாற்றி மறுபடி கம்பைல் செய்தால் போதும். பைனரிக்குள் இருக்கும் குறிப்பைப் படித்து பூட் ரோம் (சிப்பைத் தொடங்கும் நிரல் பதிந்த நினைவகம்) தானாகவே சரியான கோரை எழுப்பிவிடும்.

குழுவில் புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான்: ஒரு அரேயில் உள்ள முழு எண்களைக் கூட்டும் நான்கு வரி சி நிரலை எழுது, இரண்டு கோருக்கும் கம்பைல் செய், ஆப்ஜ்டம்ப் (கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளைக் காட்டும் கருவி) போட்டு லூப்பை மட்டும் பார். ஆர்மில் நான்கு கட்டளைகள் வரும். எண்ணை எடுக்கும் அதே கட்டளை முகவரியையும் 4 பைட் நகர்த்திவிடுகிறது, அப்புறம் கூட்டல், அப்புறம் முகவரி முடிவுக்கு வந்துவிட்டதா என்று ஒப்பிடத் தனியாக ஒரு கட்டளை, கடைசியில் தாவல். ரிஸ்க்-ஃபைவிலும் நான்குதான். ஆனால் அங்கே எண்ணை எடுப்பது ஒன்று, முகவரியை நகர்த்துவது தனியாக ஒன்று. ஒப்பிடத் தனிக் கட்டளை கிடையாது, தாவல் கட்டளையே இரண்டு ரெஜிஸ்டர்களை (கோருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களை) ஒப்பிட்டுக்கொள்கிறது. ஒருவர் மிச்சம் பிடித்த இடத்தில் மற்றவர் செலவழித்திருக்கிறார். "எது சிறந்தது அக்கா?" என்று கேட்க வந்தவர்கள் இந்த எட்டு வரிகளைப் பார்த்த பிறகு வேறு கேள்வி கேட்கிறார்கள்: முகவரியை நகர்த்தும் வேலையை, எண்ணை எடுக்கும் லோடு கட்டளைக்குள் வைத்தால், ரெஜிஸ்டர் கோப்பில் எழுத இன்னொரு வழி வேண்டுமே, அதற்கு வன்பொருளில் என்ன செலவு? அந்தக் கேள்வி வந்துவிட்டால் ஆள் தேறிவிட்டார் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

அதே நிரலில் இன்ட் என்பதை ஃப்ளோட் என்று மாற்றச் சொல்வேன். ஆர்ம் பக்கம் ஒற்றைத் துல்லிய மிதவைப் புள்ளி அலகு வன்பொருளாகவே இருக்கிறது, ஒரு கட்டளையில் கூட்டல் முடிந்துவிடும். ஹசார்ட்3-இல் அது இல்லை. கம்பைலர் சத்தமில்லாமல் நூலகத்தில் உள்ள ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும். அதற்குள் போய்ப் பார்த்தால் அடுக்குக்குறியைப் பிரித்து, நகர்த்தி, கூட்டி, மறுபடி அடுக்கும் வேலை முழுக்க முழு எண் கட்டளைகளில் நடக்கிறது. வன்பொருளில் இல்லாத ஒன்றை மென்பொருள் எப்படி ஈடுகட்டுகிறது, அதற்கு எத்தனை சுழற்சி விலை கொடுக்கிறது என்பதைச் சுழற்சிக் கணக்கி வைத்து நேரடியாக எண்ணிவிடலாம். ரிஸ்க்-ஃபைவ் பக்கம் அந்தக் கணக்கி ரீசெட்டில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். எண்ணத் தொடங்குவதற்கு முன் தடுப்பு பிட்டை அழிக்க வேண்டும். பலர் இங்கே சிக்கிக்கொள்கிறார்கள்.

ஹசார்ட்3 பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை வடிவமைத்தவர் லூக் ரென், ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் பொறியாளர். அதன் வெரிலாக், அதாவது சுற்றை விவரிக்கும் மூல நிரல், முழுவதும் திறந்த உரிமத்தில் இருக்கிறது. மூன்று நிலைப் பைப்லைன், ஒரு ஆள் உட்கார்ந்து படித்து முடிக்கக்கூடிய அளவு. கையில் ஓடிக்கொண்டிருக்கும் சிலிக்கானின் மூல நிரலைப் பக்கத்தில் திறந்து வைத்துப் படிக்கலாம் என்பதை நான் கல்லூரியில் படித்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இனி பிஐஓ, அதாவது சிப்பின் பின்களை நாம் எழுதும் குட்டி நிரலால் இயக்கும் தனி அலகு. என்னைப் பொறுத்தவரை இந்த போர்டை வாங்க இது ஒன்றே போதும். ஆர்பி2350-க்குள் மூன்று பிஐஓ தொகுதிகள், ஒவ்வொன்றிலும் அந்த நிரலை ஓட்டும் நான்கு ஸ்டேட் மெஷின்கள், மொத்தம் 12. ஒவ்வொரு தொகுதிக்கும் 32 கட்டளைகள் மட்டுமே கொள்ளும் நினைவகம். கட்டளைகளின் வகையும் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒவ்வொரு கட்டளையும் சரியாக ஒரு சுழற்சி, வேண்டுமானால் அதோடு சில காத்திருப்புச் சுழற்சிகளையும் சேர்க்கலாம். இது மென்பொருளா வன்பொருளா என்று கேட்டால், நிரலாக எழுதுகிறோம், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் எத்தனை நானோ விநாடி என்று கணக்குப் போட்டு எழுதுகிறோம். சி மட்டும் எழுதிப் பழகிய ஒருவருக்கு வன்பொருள்காரரின் யோசனைமுறை முதன்முறையாகப் பிடிபடுவது இங்கேதான்.

டபிள்யூஎஸ்2812 வகை வண்ண எல்இடி பட்டையை ஓட்டுவதற்கான பிஐஓ நிரல் நான்கே கட்டளை. அந்த எல்இடிக்கு விநாடிக்கு 8 லட்சம் பிட் போக வேண்டும், அதாவது ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடி. நிரல் ஒரு பிட்டைப் பத்துச் சுழற்சிகளாகப் பிரிக்கிறது. பூஜ்ஜியம் என்றால் மூன்று சுழற்சி சிக்னல் மேலே, ஒன்று என்றால் ஆறு சுழற்சி மேலே. அப்படியானால் ஸ்டேட் மெஷின் 8 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். 150-ஐ 8-ஆல் வகுத்தால் 18.75.

எங்கள் குழுவில் ஒரு தம்பி இதை ஆஸிலோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து நின்றான். "அக்கா, எட்ஜ் ஆடுது. ஸ்கோப் சரியில்லையா?" எட்ஜ் என்பது சிக்னல் ஏறும் அல்லது இறங்கும் இடம். ஸ்கோப் சரியாகத்தான் இருந்தது. முக்கால் சுழற்சி என்று ஒன்று வன்பொருளில் கிடையாது. வகுக்கும் சுற்று மூன்று முறை 19 எண்ணும், ஒரு முறை 18 எண்ணும், சராசரி 18.75. அதனால் ஒவ்வொரு எட்ஜும் ஒரு சிஸ்டம் சுழற்சி, அதாவது சுமார் 6.7 நானோ விநாடி, முன்னே பின்னே விழும். கடிகாரத்தை 144 மெகாஹெர்ட்ஸாக மாற்றிப் பார் என்றேன். 144-ஐ 8-ஆல் வகுத்தால் சரியாக 18. மாற்றினான், எட்ஜ் அசையாமல் நின்றது. எல்இடிக்கு இந்த ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை, அது நூறு நானோ விநாடிக்கு மேல் தாங்கும். ஆனால் நாளைக்கு அவன் ஒரு அதிவேக இணைப்பின் கடிகாரத்தைப் பற்றி டிசைன் குழுவோடு பேசும்போது, "பின்ன வகுப்பான் போட்டால் ஜிட்டர் வருமே" என்று அவனே சொல்வான். சி நிரலில் ஒரு எண்ணைத் தசமத்தில் எழுதியதன் விளைவு கம்பியில் எப்படித் தெரிந்தது என்று கண்ணால் பார்த்தவன் அதை மறக்க மாட்டான்.

மென்பொருளும் வன்பொருளும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்வதற்கு இந்தச் சிப் குடும்பத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. முந்தைய ஆர்பி2040-இல் வீடியோ வெளியீடு கிடையாது. லூக் ரென் அதில் கடிகாரத்தை 252 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, பிஐஓவையும் கோர்களையும் கசக்கிப் பிழிந்து 640க்கு 480 டிவிஐ (திரைக்கான டிஜிட்டல் வீடியோ) படம் வரவைத்தார். பிக்சல்களை, டிவிஐ கேபிளில் அனுப்பும் டிஎம்டிஎஸ் குறியீடாக மாற்றும் வேலையை கோர்களே செய்தன. அடுத்து வந்த ஆர்பி2350-இல் எச்எஸ்டிஎக்ஸ் என்று ஒரு தனி அலகு இருக்கிறது, அதற்குள்ளேயே டிஎம்டிஎஸ் மாற்றி வன்பொருளாக உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வேலையில் நாங்கள் தினமும் செய்ய முயல்வதும் இதைத்தான்: மென்பொருள் எங்கே மூச்சு வாங்குகிறதோ, அதைப் பார்த்து அடுத்த சிப்பில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது. இங்கே இரண்டு தலைமுறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

அண்மையில் எடுத்ததை வைத்துக்கொள்ளும் வேக நினைவகமான கேஷ் பற்றியும் இதில் நன்றாகக் கற்கலாம். நிரல் ஃபிளாஷிலிருந்தே நேரடியாக ஓடுகிறது, நடுவில் 16 கிலோபைட் கேஷ். எத்தனை முறை கேட்டோம், எத்தனை முறை கேஷில் கிடைத்தது என்று எண்ணும் இரண்டு ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. ஒரு ஃபங்ஷனை ஃபிளாஷில் வைத்து அளந்துவிட்டு, எஸ்டிகேயில் (போர்டுக்கான நிரல் நூலகத் தொகுப்பில்) உள்ள ஒரு மேக்ரோவைச் சேர்த்து ரேமுக்கு நகர்த்தி மறுபடி அளக்கலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. யுஎஸ்பி இன்னும் மைக்ரோ வகை. ரீசெட் பொத்தான் கிடையாது. நிரல் ஏற்றும்போதெல்லாம் கேபிளைப் பிடுங்கிச் செருகுவது அலுப்பு, ஒரு சின்ன பொத்தானை நாமே சேர்த்துக்கொள்வது நல்லது. டிபக் செய்யத் தனியாக ஒரு கருவி வேண்டும், ஆனால் இன்னொரு பிகோவையே அதற்குப் பயன்படுத்தலாம் என்பதால் இரண்டாக வாங்கிவிடுங்கள்.

முக்கியமான குறை, தயாரிப்பாளரே, சிப்பின் விவர ஆவணமான டேட்டாஷீட்டில் வெளியிட்டிருக்கும் இ9 என்ற பிழை. ஏ2 பதிப்புச் சிப்பில், ஒரு பின்னை உள்ளீடாக வைத்து உள்ளிருக்கும் புல்-டவுனை (பின்னைப் பூஜ்ஜியத்துக்கு இழுக்கும் ரெசிஸ்டரை) நம்பினால், மின்கசிவு காரணமாக அந்தப் பின் பூஜ்ஜியத்துக்கு இறங்காமல் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே தொங்கிவிடும். தீர்வு, வெளியே 8.2 கிலோஓம் அல்லது அதற்குக் குறைவான ரெசிஸ்டர். 2025-இல் வந்த ஏ4 பதிப்பில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். இந்தப் பிழையின் விளக்கத்தை எல்லோரும் படிக்க வேண்டும் என்பேன். சிலிக்கானில் பிழை வந்தால் மென்பொருள் எதைத் தாங்கிக்கொள்ளலாம், எதைத் தாங்க முடியாது, எதற்கு ரெசிஸ்டர்தான் வேண்டும் என்று வரி வரியாகத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த டேட்டாஷீட் 1,300 பக்கங்களுக்கு மேல். முழுவதும் மனிதர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டது போல இருக்கும். இந்தத் துறையில் அது அபூர்வம்.

இந்த போர்டு சொல்லித் தராதவையும் உண்டு. மெய்நிகர் நினைவகம் இல்லை, எனவே அதற்கான பக்க அட்டவணை, டிஎல்பி எதையும் இதில் தொட முடியாது. கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டும் பெரிய கோர்களின் சிக்கல்களும் இதில் தெரியாது. சர்வர் சிப் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஆரம்பப் படி மட்டுமே. இதை முடித்தவர்களை நான் எஃப்பிஜிஏ (உள்ளிருக்கும் சுற்றையே நாம் மாற்றி அமைக்கக்கூடிய சிப்) பக்கம் அனுப்புவேன். ஐஐடி மெட்ராஸின் சக்தி திட்டத்தில் வந்த ரிஸ்க்-ஃபைவ் ப்ராசசர்களும் திறந்த மூலம்தான், சிறிய இ-வகுப்பு கோரை ஆர்டி ஏ7 என்ற எஃப்பிஜிஏ போர்டில் ஏற்றி ஓட்டலாம். புளூஸ்பெக் என்ற வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதியது, பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆர்டியின் விலையும் பிகோவைப் போலப் பல மடங்கு. அதனால்தான் முதலில் பிகோ என்கிறேன்.

வாங்கும்போது: கற்பதற்கு வைஃபை உள்ள டபிள்யூ வகை தேவையில்லை, சாதாரண பிகோ 2 போதும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் பின்கள் பொருத்தியே வரும் வகையைக் கேளுங்கள். ஏ4 பதிப்புதானா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பிகோடூல் என்ற கருவியில் இன்ஃபோ கட்டளையோடு -a சேர்த்துப் போட்டாலே பதிப்பு தெரிந்துவிடும். ஏ2 வந்திருந்தாலும் கவலை வேண்டாம், அந்த 8.2 கிலோஓம் ரெசிஸ்டர்களையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.