பின்சர் கிராம நடைப்பயணம்: முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

உத்தராகண்டில் அல்மோராவுக்கு மேலே, பின்சர் சரணாலயத்துக்குள் தலார், ரிசால், கோனாப் என்று சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. ஓர் ஊரில் ஒரு வீட்டில் தங்கி, மறுநாள் ஓக் காட்டு வழியாக அடுத்த ஊருக்கு நடப்பதுதான் இந்தப் பயணம். இதை விற்பதாக இன்ஸ்டாகிராமில் கடை விரித்திருக்கும் டெல்லி ஏஜெண்ட் ஒருவர் என்னையும் அக்காவையும் நன்றாக ஏமாற்றிவிட்டார்.

தலைக்கு 24,000 ரூபாய். ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டி, சுமை தூக்க ஆள், சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார். காத்கோதாம் ஸ்டேஷனுக்கு வந்ததோ டாக்சி டிரைவரும் அவருடைய சொந்தக்காரப் பையனும்தான். பையன்தான் வழிகாட்டியாம்! மலையடிவாரத்து ஹல்த்வானி நகரத்துக்காரன், பின்சருக்கு வருவதே முதல் தடவை என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். சுமை தூக்க யாரும் வரவில்லை, சரணாலயத்தின் அயார்பானி கேட்டில் கட்டணமும் எங்கள் கையிலிருந்துதான் போனது.

பாதை தெரியாமல் அவன் எங்களை இறக்கிய சரிவு முழுக்கப் பைன் மரத்தின் காய்ந்த ஊசியிலை, எண்ணெய் கொட்டிய தரை மாதிரி வழுக்குகிறது. அக்கா விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. சிறுத்தை இருக்கிற காடு வேறு, வெளிச்சமும் குறைந்துகொண்டே வந்தது, நல்லவேளையாகப் புல்லுக்கட்டோடு எதிரே வந்த இரண்டு பெண்கள் எங்களை ஊருக்குக் கூட்டிப்போனார்கள்.

தங்கவேண்டிய வீட்டுக்கார அம்மாவுக்கு நாங்கள் வருவதே தெரியாது. அக்காவுக்கு இந்தி வரும் என்பதால் கதை மெல்ல வெளியே வந்தது: இதே ஏஜெண்ட் முன்பு அனுப்பிய ஆட்களுக்கான பணமே மாதக்கணக்கில் வரவில்லையாம், அதனால் அவருடைய விருந்தாளிகள் வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்களாம். அப்படியும் அந்த அம்மா எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. மண்டுவா ரொட்டி (நம் கேழ்வரகுதான்), கொள்ளுப் பருப்பு, பாங்க் (கஞ்சாச் செடி) விதைச் சட்னி என்று சூடாகப் போட்டார். அந்தப் பயணத்தில் உருப்படியான சாப்பாடு அது ஒன்றுதான். காசை அவர் கையிலேயே கொடுத்தோம்.

மறுநாள் ஏஜெண்ட் போன் செய்து, காட்டுத் தீ அபாயம், உங்கள் பாதுகாப்புக்காக இடத்தை மாற்றுகிறோம் என்று அல்மோரா அருகே காசர் தேவி பக்கம் ரோட்டோர ஓட்டல் ஒன்றில் போட்டார். அப்புறம் நடையே கிடையாது, ஜீப்தான். 2024 ஜூனில் இதே பின்சரில் தீயை அணைக்கப் போன வனத்துறையினர் நான்கு பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள், அதைச் சாக்காகச் சொல்ல எப்படி மனசு வந்ததோ தெரியவில்லை. கேட்டில் விசாரித்தோம், எந்தப் பாதையும் மூடப்படவில்லை. அவர் ஆட்களை ஏற்க ஊரில் வீடு இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அவர் அனுப்பிய படங்களில் நந்தா தேவி, திரிசூல் பனிச் சிகரங்கள் பளிச்சென்று இருந்தன. அது நவம்பர் வானம். எங்களை அவர் வரச்சொன்ன மே மாதத்தில் புகைமூட்டம்தான் அதிகம்.

போக விரும்பினால் தாராளமாகப் போங்கள், அருமையான ஊர்கள். ஆனால் தங்கும் வீட்டின் போன் நம்பரைக் கேட்டு வாங்கி, அவர்களிடமே தேதியையும் அவர்களுக்கு வரும் தொகையையும் பேசிவிடுங்கள். நம்பர் தர மறுப்பவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பவேண்டாம். மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்த ஹோம்ஸ்டேயா என்பதையும் கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கை நம் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், டெல்லிக்கு அலையவேண்டாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நாங்கள் போட்டுவிட்டோம், பணம் இன்னும் வரவில்லை. ஏஜெண்ட் பக்கத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, அதே படங்களோடு அக்டோபருக்கு புக்கிங் எடுத்துக்கொண்டிருக்கிறார்.