போர்ஷே 911-க்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுவது: சில வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 2007 மாடல் போர்ஷே 911 கரேரா எஸ். 997 வரிசையின் முதல் தலைமுறை. 3.8 லிட்டர், சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருக்கும் ஆறு சிலிண்டர் பாக்ஸர் இன்ஜின், பின் அச்சையும் தாண்டிப் பின்னால் உட்கார்ந்திருக்கும். பழைய காராகத்தான் வாங்கினேன். முதல் தடவை மட்டும் கடையில் விட்டேன். அதற்குப் பிறகு ஆயில் மாற்றுவதெல்லாம் நான்தான், நியூ ஜெர்சியில் என் வீட்டு கராஜில். "இந்த மாதிரி காரையெல்லாம் வீட்டில் வைத்து நோண்டலாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக நோண்டலாம். ஆனால் பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் என்றால் யோசித்துச் செய்யுங்கள். அந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பயத்துக்கெல்லாம் பாதிக் காரணம் புகாட்டி வேரான் என்ற சூப்பர் கார். அதற்கு ஒரு தடவை ஆயில் மாற்ற இருபதாயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்ற செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தக் காரில் ஆயில் வடிக்க மட்டும் 16 போல்ட்டுகள் கழற்ற வேண்டும், பின்பக்கத்து பாடியைப் பிரிக்க வேண்டும். அது தனி உலகம். விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு என் காருக்குக் கீழே படுத்துப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இரண்டே இரண்டு விஷயம். ஒரு டிரெயின் போல்ட், அதற்கு 8 மி.மீ. ஆலன் கீ. பக்கத்தில் கீழ்நோக்கித் தொங்கும் ஃபில்டர் கப், அதற்கு 74 மி.மீ. தொப்பி ரெஞ்ச். இரண்டையும் மறைக்கும் தகடு எதுவும் இல்லை. கைக்கு நேராக எட்டும். நான் முன்பு ஓட்டிய சாதாரண குடும்பக் காரில் ஃபில்டரைத் தொட ஒரு பிளாஸ்டிக் தட்டும் ஏழெட்டு கிளிப்பும் கழற்ற வேண்டியிருந்தது. அதோடு பார்த்தால் இது சுகம்.

கவனம் தேவைப்படுவது இறுக்கும்போதுதான். டிரெயின் போல்ட்டுக்கு 50 நியூட்டன் மீட்டர், ஃபில்டர் கப்புக்கு 25. இரண்டுமே சொற்ப அளவு. இன்ஜினின் அடிப்பகுதி அலுமினியம் என்பதால் கைவலுவைக் காட்டினால் மரை போய்விடும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஒவ்வொரு முறையும் போல்ட்டுக்குப் புது வாஷர், கப்புக்குப் புது ஓ-ரிங். ஓ-ரிங்கில் கொஞ்சம் புது ஆயிலைத் தடவிவிட்டு மாட்ட வேண்டும், உலர்ந்தபடி மாட்டினால் முறுக்கிக்கொள்ளும்.

நான் கடையை விட்டதற்கே இந்தக் கப்தான் காரணம். முதல் தடவை கடையில் மாற்றிய பிறகு, அடுத்த முறை நானே கழற்றப் போனால் கப் அசையவே இல்லை. ரெஞ்சோடு நீளமான இரும்புக் குழாயைச் சேர்த்துத்தான் திறக்க முடிந்தது. 25-க்கு இறுக்க வேண்டியதை யாரோ சக்கர நட் மாதிரி இறுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஓ-ரிங் தட்டையாகி நசுங்கிக் கிடந்தது. நானூறு டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு செய்த வேலை அது. கடை பெயர் எதற்கு, விடுங்கள்.

உண்மையான தலைவலி ஆயில் இல்லை, காரைத் தூக்குவது. 911-இல் ஜாக்கி வைக்கக் கொடுத்திருக்கும் இடங்கள் நான்கே நான்கு. ஜாக்கியை அங்கே வைத்துத் தூக்கிவிட்டால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? அதற்கும் அதே இடம்தான் வேண்டும். சிலர் இன்ஜினின் அடியிலேயே கட்டை கொடுத்துத் தூக்குகிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. ஆரம்பத்தில் சரிவு குறைந்த ராம்ப்களில் காரைப் பின்னோக்கி ஏற்றிப் பார்த்தேன். ஜாக்கியால் தூக்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் காரின் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கிய நொடியில் பிரேக்குக்கு வேலையே இல்லை. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தே ஆக வேண்டும். தரையும் சமமாக இருக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி எந்தக் காருக்குக் கீழும் தலையைக் கொடுக்காதீர்கள், அவசரம் என்றாலும்.

ராம்ப்பில் ஒரு குறை, கார் முன்பக்கமாகச் சரிந்து நிற்கும், கொஞ்சம் பழைய ஆயில் உள்ளேயே தங்கிவிடும். கடைசியில் குயிக்ஜாக் வாங்கினேன். காரின் இரு பக்கமும் தள்ளி வைக்கும் இரண்டு ஹைட்ராலிக் சட்டங்கள், நான்கு சக்கரமும் ஒன்றாக, சமமாக மேலே வரும். வேலை முடிந்தால் சுவரில் சாய்த்து வைத்துவிடலாம். அருமையான பொருள். ஆனால் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். சில வருடம் நானே ஆயில் மாற்றி மிச்சம் பிடித்ததையெல்லாம் அது ஒரே வாயில் விழுங்கிவிட்டது. கணக்கு உதைக்கிறது என்று சொன்னேனே, இதுதான். பிரேக் வேலை, சஸ்பென்ஷன் வேலை என்று வேறு எதற்கும் பயன்படுத்தாமல் ஆயிலுக்காக மட்டும் வாங்கினால் அது வீண் செலவு.

சரி, வேலைக்கு வருவோம். இந்தக் காரின் டேஷ்போர்டில் ஆயில் வெப்பத்துக்குத் தனி முள் உண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி முள் நன்றாக ஏறிய பிறகு வடித்தால் ஆயில் இளகி வரும், அடியில் தங்கிய அழுக்கையும் இழுத்துக்கொண்டு வரும். கையுறை கட்டாயம். பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும். இதில் சுமார் 8 லிட்டர் வெளியே வரும். கடைகளில் கிடைக்கும் சாதாரணத் தட்டுகள் பல அதைத் தாங்காது. போல்ட்டைக் கழற்றியதும் ஒரு கை கனத்துக்குக் கறுப்பாகப் பாயும், அப்போது தட்டு போதவில்லை என்று தெரிந்து பயனில்லை. வடியட்டும் என்று விட்டுவிட்டு காபி குடித்துவிட்டு வரலாம். கடையில் அந்த நேரத்தைக் கொடுக்க மாட்டார்கள், அடுத்த கார் காத்திருக்கும்.

எந்த ஆயில் என்பதற்கு ஊர்ப்பட்ட சண்டை நடக்கிறது. கம்பெனி கேட்பது ஏ40 என்ற ஒப்புதல். கேனின் பின்னால் அது அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், போதும். நான் ஊற்றுவது மொபில் 1, 0டபிள்யூ-40. 1996-இலிருந்து தொழிற்சாலையிலேயே போர்ஷேக்கு ஊற்றுவது மொபில் 1 தான். சூடு அதிகமான மாநிலங்களில் 5டபிள்யூ-40, 5டபிள்யூ-50 ஊற்றுபவர்கள் உண்டு, அதிலும் ஏ40 கிடைக்கிறது. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் 5 குவார்ட் கேன் இரண்டு வாங்கினால் ஒன்பது லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். ஊற்றியது போக மீதி டாப்-அப்புக்கு. ஃபில்டரும் வாஷரும் சேர்த்து மொத்தச் செலவு நூறு டாலருக்குள் முடிகிறது.

இனி நான் இந்த வேலையை விடாமல் செய்வதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். அது அந்தக் கப்புக்குள் இருக்கும் காகித ஃபில்டர்.

இந்தத் தலைமுறை 911-இன் இன்ஜின் வரலாறு தெரிந்தவர்களுக்கு ஐ.எம்.எஸ். என்றால் வயிற்றைக் கலக்கும். ஐ.எம்.எஸ். என்பது இன்ஜினுக்குள் இருக்கும் ஒரு இடைநிலைத் தண்டு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டுகளை ஓட்டுவது அதுதான். அதைத் தாங்கும் பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும். அமெரிக்காவில் இது வழக்காகி, 2001 முதல் 2005 வரையிலான பாக்ஸ்டர், 911 கார்களுக்கு 2013-இல் சமரசத் தீர்வு வந்தது. என் கார் அதற்குப் பிந்தையது, பேரிங் பெரியது, உடைவது மிக அரிது. ஆனால் இன்ஜினை முழுவதும் பிரிக்காமல் அதை மாற்றவும் முடியாது. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. போதாததற்கு என் 3.8 இன்ஜினுக்குச் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் நோயும் உண்டு. டிக் டிக் என்று ஒரு சத்தம், ஒரு பக்கத்துப் புகைக் குழாய் மட்டும் கரி பிடிப்பது, ஆயில் குறைவது, இவைதான் அறிகுறிகள்.

இதையெல்லாம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே மலிவான பொருள் பழைய ஃபில்டர். கடையில் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நான் இரண்டு முனையையும் கத்தியால் வெட்டி, காகிதத்தை அப்படியே விரித்து, ஆயிலை ஒற்றி எடுத்து, நல்ல வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். மடிப்பு மடிப்பாக இருக்கும், ஒவ்வொரு மடிப்பையும் விரலால் பிரிக்க வேண்டும். கறுப்புப் பொடி, பழைய சீலன்ட் துணுக்கு, தூசி அளவுக்கு ஒன்றிரண்டு மினுக்கல், இதெல்லாம் வயதான இன்ஜினில் சகஜம். கண்ணில் குத்தும் அளவுக்குப் பளபளப்புத் துகள்கள் கிடந்தால் காந்தத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, பேரிங்காக இருக்கலாம். ஒட்டாமல் வெள்ளி நிறத்தில் இருந்தால் அலுமினியம். காந்தம் பதித்த டிரெயின் போல்ட்டும் விற்கிறார்கள், நான் அதைத்தான் போட்டிருக்கிறேன். அதன் நுனியில் சாம்பல் நிறக் கூழ் கொஞ்சம் ஒட்டியிருக்கும். விரல்களுக்கு இடையில் தேய்த்தால் நெறநெறக்காமல் வழுக்க வேண்டும்.

கூடவே ஒரு சின்ன பாட்டிலில் ஆயிலைப் பிடித்து இந்தியானாவில் இருக்கும் பிளாக்ஸ்டோன் ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்புகிறேன். ஆரம்பத்தில் வரும் அழுக்கை விட்டுவிட்டு, நடுவில் வடியும்போது பிடிக்க வேண்டும். இரும்பு, செம்பு, அலுமினியம், சிலிக்கான் எவ்வளவு, பெட்ரோல் கலந்திருக்கிறதா, ஆயிலின் கெட்டித்தன்மை எப்படி என்றெல்லாம் அறிக்கை வரும். ஒரே ஒரு அறிக்கையை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகவும் இருக்க வேண்டாம். சிலிக்கான் கூடினால் அது வெறும் தூசியாகவும் இருக்கலாம், சீலன்ட்டாகவும் இருக்கலாம், அலுமினியமும் சேர்ந்து கூடினால்தான் சிலிண்டர் சுவரைச் சந்தேகப்பட வேண்டும். நான்கைந்து அறிக்கைகளை வரிசையாக அடுக்கும்போதுதான் போக்கு புரிகிறது. என் காரில் இதுவரை போக்கு சமமாகவே போகிறது.

மறுபடி ஊற்றும்போது அவசரப்படக் கூடாது. 997-இல் ஆயில் அளவு பார்க்கும் குச்சி, அதாவது டிப்ஸ்டிக், கிடையாது. அளவைக் காட்டுவது மீட்டருக்குள் இருக்கும் திரைதான். ஏழரை லிட்டர் வரை ஊற்றி, ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், காத்திருக்கச் சொல்லி நேரம் இறங்கிக்கொண்டே வரும். அப்புறம் கோடுகள் தெரியும். ஒரு கோடு சுமார் 0.4 லிட்டர். உச்சிக் கோட்டுக்கு ஒன்று குறைவாக நிறுத்துவது என் வழக்கம். அளவு மிஞ்சினால் ஆயில் ஆவியைப் பிரிக்கும் செபரேட்டர் வழியாக இன்ஜின் அதை உறிஞ்சும், பின்னால் ஒரே புகை மண்டலம். நியூ ஜெர்சியில் நாமே பெட்ரோல் போடச் சட்டம் அனுமதிக்காது, பங்க் ஊழியர்தான் போட வேண்டும். அவர் போட்டு முடிப்பதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே ஆயில் அளவைப் பார்த்துவிடலாம்! இந்தச் சட்டத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

காற்றால் குளிரும் பழைய ஏர்-கூல்டு 911 வைத்திருக்கும் நண்பருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வேறு தொல்லை. அவர் காரில் குச்சி உண்டு, அதை இன்ஜின் நன்றாகச் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இழுத்துப் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் ஆயிலே இல்லாத மாதிரி காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றியவர்கள் ஏராளம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? அந்த நண்பர் ஒருநாள் கேட்டார்: "ஏன் மச்சான், கம்பெனிக்காரனே ரெண்டு வருஷம்னு போட்டிருக்கான், நீ ஏன் வருஷா வருஷம் மாத்துறே?" கையேட்டில் 20,000 மைல் அல்லது 2 வருடம் என்றுதான் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் அது முதல் உரிமையாளருக்கான கணக்கு, பதினைந்து இருபது வருடம் ஓடப்போகும் இன்ஜினுக்கானது இல்லை. என் கார் குளிர்காலத்தில் ஓடாது, பனியை உருக்க ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள், கார் துருப்பிடிக்கும். நவம்பர் வாக்கில் மூடி வைத்தால் வசந்தத்தில்தான் வெளியே வரும். உபயோகித்த ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும், அதோடு நான்கைந்து மாதம் பேரிங்குகளை ஊறவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் மூடுவதற்கு முந்தைய வாரமே மாற்றிவிடுவேன். வசந்தத்தில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் பதற வேண்டாம். படுத்த நிலை சிலிண்டர்களில் கொஞ்சம் ஆயில் கசிந்து தங்கும், அதுதான் எரிகிறது. ஒரு நிமிடத்தில் போகவில்லை என்றால்தான் கவலை.

பழைய ஆயிலைக் காலியான கேன்களிலேயே ஊற்றி உதிரிபாகக் கடையில் கொடுத்துவிடுகிறேன், பெரும்பாலான கடைகள் காசு வாங்காமல் எடுத்துக்கொள்ளும். மழைநீர்க் கால்வாயில் ஊற்றும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். ஒரு கார் ஆயில் பத்து லட்சம் கேலன் தண்ணீரைக் கெடுக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் கணக்கு. ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீதுகள், மைல் கணக்கு, ஆய்வக அறிக்கைகள் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கின்றன. வாரண்டி உள்ள கார் என்றாலும் நாமே ஆயில் மாற்றினோம் என்ற ஒரே காரணத்துக்காக அதை ரத்து செய்ய முடியாது, 1975-இலேயே இங்கே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் மாற்றினோம் என்று காட்ட ரசீது வேண்டும். முதல் தலைமுறை 997 டர்போவும் ஜிடி3-யும் வைத்திருப்பவர்கள் நான் சொன்ன அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவற்றில் இருப்பது வேறு இன்ஜின், ஆயிலுக்குத் தனி டேங்க், வடிக்க வேண்டிய இடங்களும் அதிகம்.